கழுவினாலும் போகாத கரி

பச்சையம்மா வாயைத் திறந்தால் திருவொற்றியூர் மார்க்கெட்டில் நாலு கடை தள்ளிக் கருவாடு விற்கிறவளும் திரும்பிப் பார்ப்பாள். அப்படி ஒரு தொண்டை. பேரம் பேச வருகிறவர்கள் பாதிப் பேச்சிலேயே பையை நீட்டிவிடுவார்கள். எதற்கு வம்பு என்றுதான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அழுகிய மீனை ஒருநாளும் யார் தலையிலும் கட்டினதில்லை அவள்.

தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் மங்காத தாலி. இதைப் பார்த்துத்தான் குப்பத்துக்கு வயிற்றெரிச்சல். அவள் புருஷன் தண்டபாணி கடலுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. திரும்பவில்லை. காரியம் செய்யவும் பச்சையம்மா விடவில்லை. "இன்னாடி இது, இன்னும் பூ வெச்சிகினு திரியறா" என்று குழாயடியில் எவளோ முணுமுணுத்தாளாம். அவ்வளவுதான், குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள் பச்சையம்மா.

"எம் புருசன் செத்துட்டேன்னு ஒங்கிட்ட வந்து சொன்னானா? எங்கிட்ட சொல்லல. சொன்னா அப்பால எடுக்கறேன் பூவ."

அதற்குப் பிறகு அவள் முகத்துக்கு நேராக யாரும் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் பேசுகிற வாயை யாரால் அடைக்க முடியும்?

தண்டபாணிக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. குப்பத்துக்கு முன்னால் கடல் அரித்து, கரை முழுக்கக் கல்லைக் கொட்டிவிட்டார்கள். படகை இழுத்துப் போட மணல் ஏது? அதனால் காசிமேட்டில்தான் படகைக் கட்டி வைப்பான். அவனும் தம்பி வெற்றியுமாகப் போய் நண்டு வலை போடுவார்கள். காணாமல் போன அன்றைக்கு வெற்றிக்குக் காய்ச்சல். போட்ட வலையை எடுக்காமல் விட முடியாது என்று தண்டபாணி மட்டும் கிளம்பினான். மத்தியானம் காற்று திரும்பியது. எண்ணூர்ப் பக்கம் போயிருந்த படகெல்லாம் அலறியடித்துக்கொண்டு கரைக்கு வந்தன. அவன் படகு வரவில்லை. தேடாத இடமில்லை. ஒரு பலகை, ஒரு மிதவைக் கட்டை கூடக் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்பதைத்தான் பச்சையம்மா பிடித்துக்கொண்டாள். மோட்டார் நின்றுபோன படகு பர்மாப் பக்கம் வரைக்கும் ஒதுங்கும், ஆள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வருவான், அப்படியெல்லாம் கதை குப்பத்தில் உண்டு. தண்டபாணிக்கு மட்டும் அது ஏன் நடக்கக் கூடாது?

இன்னொரு ஆறுதலும் அவளுக்கு இருந்தது. கரிமூஞ்சி கூடப் போயிருந்தது.

கரிமூஞ்சி படகுப் பூனை. வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும் லாஞ்சில் தண்டபாணி கொஞ்ச நாள் வேலை பார்த்தான். அப்போது ஒரு பர்மாக்காரக் கப்பலாள் கொடுத்த குட்டி அது. முதல் நாள் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். உடம்பெல்லாம் பால் போல இருக்கிறது. மூஞ்சி, காது, நாலு பாதம், வால் மட்டும் கன்னங்கரேல். கண் இரண்டும் நீலம். வால் நுனி தூண்டில் முள் போல மடங்கியிருக்கிறது.

"கரிக் குமியில வுட்டு இட்டுகினு வந்துகீறியே, கலீஜு புடிச்ச மனுசா!" என்று கத்தி, பச்சையம்மா குட்டியைப் பிடுங்கிக் கழுவினாள். சோப்புப் போட்டாள், போகவில்லை. சீயக்காய் போட்டாள், போகவில்லை. கப்பலெண்ணெய் ஒட்டியிருக்கும் என்று மண்ணெண்ணெய்த் துணியைக்கூட எடுத்துவிட்டாள். எண்ணூர்க் காற்றில் துணி காயப்போட்டாலே கரி படிகிற ஊர் இது. கறுப்பு என்றால் கழுவிப் பார்ப்பதுதானே எங்கள் பெண்களின் கைப்பழக்கம்! வால் ஒடிந்திருக்கிறது என்று நினைத்து, ஒரு வாரம் வேப்பெண்ணெய் தடவி நீவிவிட்டாள். தண்டபாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடியே, அதுங்க ஜாதியே அப்டித்தானாம். அந்த ஆளு சொல்லிக்கீறான். நீ கழுவியே இத்த சாவடிச்சிடுவ போல கீதே."

"கடலுக்கு இட்டுகினு போ ஒன் ஜாதிப் பூனைய. வூட்ல கால் வெச்சா காலை ஒடிப்பேன்" என்றாள் அவள். வாய்தான் அப்படி. மீன் அரியும்போது நெத்திலி ஒன்றிரண்டு அதன் பக்கம் தானாக விழும்.

அன்றிலிருந்து அது தண்டபாணியோடு கடலுக்குப் போனது. படகில் நண்டு ஒன்று கடித்து இடது காதின் நுனி போனது. அதற்கும் பயந்து கரையில் தங்கவில்லை. படகுக்குப் பழகின பூனையைக் கிளம்புகிற நேரத்தில் கரையில் இறக்கிவிடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. இறக்கினால் படகு திரும்பாது என்று ஒரு பயம். கடைசி நாளும் அது அவன் தோளில் உட்கார்ந்து போனதை மகள் சினேகா வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் சாயங்காலம் விளக்கேற்றும்போதெல்லாம் பச்சையம்மா மகளிடம் சொல்வாள். "நைனா எங்க கீதோ தெரில. ஆனா ஒண்டியா இல்ல. கரிமூஞ்சி கூட கீது." வெற்றியும் அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டுவான். காய்ச்சலில் படுத்துவிட்டோமே என்று தினம் தினம் செத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு பேச்சுதான் சோறு இறங்க வைத்தது.

இந்த நிலைமையில் வெற்றிக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண்ணின் அப்பா சின்னப்பையன் நல்ல மனுஷர்தான், ஆனால் நேரே கேட்கிற ஆள். பத்திரிகை அடிக்க உட்கார்ந்தபோது கேட்டுவிட்டார்.

"மாப்ள அண்ணன் பேர எப்டி போடறது? அமரர்னு போடறதா, வேணாமா? கீறாரா இல்லியா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ. காரியம் பண்ணாத வூட்ல எப்டி பந்தக்கால் நடறது?"

வெற்றி தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணி சொல்றதுதான். அண்ணி வேணாம்னா எனக்குக் கண்ணாலமும் வேணாம்."

பச்சையம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து சினேகாவுக்குப் பயமாகப் போய்விட்டது. இத்தனை வயதுக்கு மேல் கொழுந்தனுக்குக் கூடி வந்த கல்யாணம், அதையும் தன்னால் கெடுப்பதா? ஆனால் அந்த ஒரு வார்த்தையை அடிக்கச் சொன்னால் தன் வாயாலேயே புருஷனைக் கொன்ற மாதிரி ஆகிவிடாதா?

அந்த வாரமே அது நடந்தது. விடிகாலையில் காசிமேட்டு ஏலக்கூடத்தில் சங்கரா மீன் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள் பச்சையம்மா. புருஷன் போன நாளிலிருந்து அவள் ஏலக்கூடத்தோடு திரும்பிவிடுவாள். படகு கட்டுகிற பக்கம் மட்டும் காலெடுத்து வைக்க மாட்டாள். வெற்றியும் அன்றோடு கடல் தொழிலை விட்டுவிட்டான். கூடையருகில் ஏதோ உரசியது. குனிந்தாள். பால் நிற உடம்பு. கறுத்த மூஞ்சி. நீலக் கண். வால் நுனியில் கொக்கி.

"ஐயோ, கரிமூஞ்சி!"

அந்தத் தொண்டைக்கு ஏலமே நின்றுவிட்டது. மீனை அப்படியே போட்டுவிட்டு, பூனையைக் கூடையில் வைத்து முந்தானையால் மூடி, ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். பூனை வந்துவிட்டது என்றால் படகு எங்கேயோ கரை தொட்டிருக்கிறது. படகு கரை தொட்டது என்றால் அவனும் தொட்டிருக்கிறான். வேறு எதையும் அவள் நினைக்கத் தயாராக இல்லை.

குப்பமே வாசலில் கூடியது. "இதுதான் அதுன்னு எப்டி சொல்ற?" என்றாள் ஒருத்தி. பச்சையம்மா பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். சோப்பு, சீயக்காய், எல்லாம் வந்தது. பூனை கத்தக் கத்த எல்லோர் கண் முன்னாலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கறுப்பு அசையவில்லை.

"பாத்தீங்களா? பாத்துக்கோங்கோ! அன்னிக்கும் போவல, இன்னிக்கும் போவல. இது கரிமூஞ்சிதான்!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ குலவை போட்டார்கள். சினேகா மட்டும் பூனையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எம்மா, காது முழுசா கீதே."

"மூணு வருசத்துல காது வளராதா? போடி" என்றாள் பச்சையம்மா. சினேகா வாயை மூடிக்கொண்டாள். அம்மா சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது, அதை எதற்குக் கெடுப்பது என்று அவளுக்குத் தோன்றியது.

சின்னப்பையன் விஷயம் கேட்டு வந்தார். உதட்டைப் பிதுக்கினார். "பூனைல இன்னாம்மா அடையாளம்? ஊர்ல பூனைக்கா பஞ்சம்?"

"அப்டியா? நான் சொன்னா நம்ப மாட்டீங்கோ. டாக்டர் வாயால சொன்னா நம்புவீங்களா? அவுங்களே சொல்லட்டும், இது இன்னா ஜாதி, எந்த ஊருப் பூனைன்னு. அப்பால பேர எப்டி போடறதுன்னு பாக்கலாம்."

ராயபுரத்தில் நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற சின்ன கிளினிக்கு ஒன்று உண்டு. டாக்டர் சங்கமித்ரா வியாசர்பாடிப் பெண். பேச்சில் ஊர் வாசம் போகாதவள். வெற்றி கூடையைத் தூக்கிக்கொண்டு வர, பச்சையம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். எல்லாக் கதையையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். டாக்டர் பூனையை மேசை மேல் வைத்து, மோவாயைத் தூக்கி முகத்தைப் பார்த்தாள். பாதங்களைப் பார்த்தாள். வால் கொக்கியை விரலால் தடவினாள்.

"அழகா கீதே! இது சயாமீஸ் ஜாதிக்கா. தாய்லாந்து, பர்மா அந்தப் பக்கத்துப் பூனை. உடம்பு வெளுப்பு, மூஞ்சி, காது, கால், வாலு மட்டும் கறுப்பு, கண்ணு நீலம். வால் நுனி இப்டி மடங்கறதும் அந்தப் பக்கத்துப் பூனைங்களுக்கு உண்டு. இது கரி இல்ல, பொறவி நெறம்."

பச்சையம்மா வெற்றியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எத்தனை பெருமை! "கேட்டியா? பர்மான்னு சொல்லிட்டாங்கோ. அங்கேந்து வந்துகீது!"

டாக்டர் பூனையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியதை வெற்றிதான் முதலில் கவனித்தான்.

"அக்கா, உங்க பூனை போயி எத்தினி வருசம் ஆச்சுன்னு சொன்னீங்க?"

"மூணு."

"இதுக்கு ஒரு வயசு கூட ஆகலக்கா."

"சோறு தண்ணி இல்லாம எளைச்சி சின்னதா போயிருக்கும்."

"எளைக்கலாம்க்கா. பல்லு புதுசா மொளைக்காது."

பச்சையம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வெற்றி செல்போனை எடுத்து, அண்ணன் கரிமூஞ்சியை மடியில் வைத்திருக்கிற படத்தைக் காட்டினான். காணாமல் போவதற்கு முந்தின வாரம் எடுத்தது. டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நுனி போன ஒச்சக் காதைப் பார்த்தாள். பிறகு தொங்கிக் கிடந்த வயிற்றைப் பார்த்தாள்.

"இது சினையா இருந்துச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பச்சையம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்குள் கால் வைத்தால் ஒடிப்பேன் என்று சொன்னவளுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். "பொறுமையா கேளுங்கக்கா. இந்த ஜாதி நெறம் உடனே வெளிய வராது. உங்க பூனை தெருக் கடுவனோட சேந்து குட்டி போட்டா, குட்டிங்க தெருப்பூனை மாதிரிதான் இருக்கும். நெறம் அதுங்க ரத்தத்துல ஒளிஞ்சிகினு இருக்கும். அதுங்க வளந்து, தாயோடயோ தங்களுக்குள்ளயோ சேந்தா, அப்போ ஒண்ணு ரெண்டு இப்டி வரும். இந்த ஜாதி நம்ப துறைமுகத்துல வேற எங்க கீது? எனக்கு இன்னா தோணுதுன்னா, இது உங்க கரிமூஞ்சியோட பேத்தி. அந்தக் குடும்பம் இத்தினி வருசமா இங்கதான் எங்கியோ இருந்துகீது."

"இங்கயா?"

"நீங்க இத்த புடிச்ச எடத்துக்குப் பக்கத்துல."

வெற்றிக்குப் புரிந்துவிட்டது. பச்சையம்மாவுக்கும் புரிந்ததுதான், மனசுதான் வழிவிட மாட்டேன் என்றது. பூனை இங்கேயே இருந்தது என்றால், படகில் போகவில்லை.

நேராகக் காசிமேட்டுக்குப் போனார்கள். மூன்று வருஷமாகப் போகாத படகுத்துறைப் பக்கம் பச்சையம்மா காலெடுத்து வைத்தாள். கூடையைத் திறந்துவிட்டாள். இளம்பூனை உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்தது. ஐஸ் உடைக்கிற இடத்தைத் தாண்டி, வலை பழுது பார்க்கிற கொட்டகைக்குள் நுழைந்து, குவிந்து கிடந்த வலைக்கு அடியில் போனது.

கொட்டகைக்காரர் எத்திராஜ், தண்டபாணிக்கு வருஷக்கணக்காக வலை பார்த்துக் கொடுத்தவர். பச்சையம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

வலைக் குவியலுக்கு அடியிலிருந்து இன்னொரு பூனை வெளியே வந்தது. கொஞ்சம் தடித்து, கறுப்பு இன்னும் ஏறி, கிழடு தட்டிப் போயிருந்தது. இடது காதில் நுனி இல்லை. பச்சையம்மாவின் மீன் வாசனைப் புடவையை முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து, நெத்திலிக்குக் காத்திருக்கிற மாதிரி அவளை அண்ணாந்து பார்த்தது.

"அன்னிக்குக் காலைல வந்தான் தாயி" என்றார் எத்திராஜ். "'எத்திராஜண்ணே, இது குட்டி போடற மாதிரி கீது, அலைல தாங்காது, வந்து எடுத்துக்கறேன்'னான். கெளம்பற நேரத்துல எறக்காதடா, ஆகாதுடான்னேன். சிரிக்கிறான். 'பாவம்ண்ணே, வயித்துப் புள்ளத்தாச்சி'ன்றான். வூட்ல வுட்டுட்டுப் போயேன்டான்னேன். 'எம் பொண்டாட்டி கழுவியே இத்த சாவடிச்சிடுவா'ன்னு சொல்லிட்டு, அப்டியே சிரிச்சிகினு படக எடுத்துகினு போனான்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?" வெற்றி பாய்ந்தான். "மூணு வருசம்யா!"

"பயம்டா. எறக்கின பூனைய வாங்கி வெச்சிகினவன் நான். நாந்தான் அவன கொன்னேன்னு ஊரே சொல்லும். அப்டியே வுட்டுட்டேன். அப்பால சொல்ல வாய் வரல." அந்த மனுஷர் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு அழுதார். அவரைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை.

பச்சையம்மா கரிமூஞ்சியைத் தூக்கினாள். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி வெற்றி கேட்டதே இல்லை.

"அப்ப அவரு கூட யாரு போனது?"

வெற்றி தரையைப் பார்த்தான்.

அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். கட்டியிருந்த படகுகளுக்கு நடுவில், தண்டபாணி எப்போதும் படகு கட்டும் இடத்தில் போய் நின்றாள். எதிரே கடல் ஒன்றும் தெரியாதது போல ஆடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக அழுகையை அடைத்து வைத்திருந்த தொண்டை அப்போதுதான் திறந்தது.

"யோவ்! ஒண்டியாவாய்யா போன? கூட அது கீதுன்னு சொல்லிகினு இருந்தேனே! புள்ளைக்கு தெனம் சொன்னேனே! பூனைக்குப் பாவம் பாத்தியே, ஒனக்கு யாருய்யா பாவம் பாத்தது? ஒண்டியாவாய்யா போன?"

ஐஸ் உடைக்கிறவர்கள் கையை நிறுத்தினார்கள். படகில் இருந்தவர்கள் எழுந்து நின்று தலைக்கட்டை அவிழ்த்தார்கள். வெற்றி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் போயிருக்கணும் அண்ணி, காச்சலோட போயிருக்கணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் ஒரு கையால் அவன் தலையைத் தடவினாள். இன்னொரு கையில் பூனை.

அழுது ஓய்ந்த பிறகு தலையிலிருந்த பூவைத் தானாகவே எடுத்தாள். தண்ணீரில் எறியவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வெற்றி, ஒம் மாமனார்கிட்ட சொல்லிடு. அமரர்னே போடச் சொல்லு. ஒடம்புக்குப் பதிலா காரியத்துக்கு வெக்க அவரோட நீல லுங்கி பொட்டில கீது, சட்டை கூட அதுலதான் கீது. கண்ணாலம் தள்ளிப் போடக் கூடாது."

இளம்பூனையை எத்திராஜிடமே விட்டுவிட்டு, கரிமூஞ்சியை மட்டும் கூடையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தாள். வாசலில் நின்ற சினேகா அம்மாவின் வெறும் தலையைப் பார்த்தாள், பூனையின் ஒச்சக் காதைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் வாசல் பக்கெட்டில் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்தாள்.

"வேணாம்மா" என்றாள் பச்சையம்மா. "அத்த இனிமே கழுவ வேணாம். உள்ள இட்டுகினு வா."